கழுவிய சுவரும் குளவி வீடும்

எங்கள் வீட்டில் எந்த நேரத்தில் பார்த்தாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் இரவு வேலை. ஊரே தூங்கும்போது மாவு பிசைவார், அடுப்பில் தள்ளுவார், வெந்ததும் எடுப்பார். காலையில் புருவமெல்லாம் மாவாக வந்து படுத்தால், சாயங்காலம்வரை அடித்துப் போட்டதுபோல் கிடப்பார்.

அம்மாவுக்கு ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. அங்கே வேலை செய்கிறவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும், அவர்கள் போன பிறகு இன்னொரு தடவை. நடுவில் மத்தியானம் வீட்டுக்கு வருவாள். சமைப்பாள், துவைப்பாள், பிறகு எங்கே சாய்கிறாளோ அங்கேயே கண் அசந்துவிடுவாள். ஒரு தடவை துணி மடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். பாதி மடித்த சட்டை கையிலேயே இருந்தது.

அதனால் நான் வீட்டுக்குள் பூனை மாதிரிதான் நடப்பேன். கதவு கிறீச்சிடக்கூடாது, பாத்திரம் உருளக்கூடாது, தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிப்போய்த்தான் தும்ம வேண்டும். இப்படி நாள் முழுக்க மற்றவர்கள் தூக்கத்துக்குக் காவல் இருந்தால் எனக்கும் தூக்கம் வராதா? வகுப்பில் கொட்டாவி விட்டு விட்டே 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கிவிட்டேன். முதலில் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் அலுப்பாகிவிட்டது.

இந்த லட்சணத்தில் அறிவியல் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார்.

"ஆளுக்கு ஒரு இயற்கைக் குறிப்பேடு போடணும். வீட்டுக்கு வெளியே போங்க. உயிருள்ளது ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. தினமும் போய்ப் பாருங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க, வரைங்க. பார்க்காததை எழுதினா எனக்குத் தெரிஞ்சிடும்."

"எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டாள் என் பக்கத்தில் உட்காருகிற வாயாடி. வகுப்பு வைத்த பெயர்தான் அதுவும்.

"பார்க்காம எழுதினது ரொம்ப அழகா இருக்கும்," என்றார் டீச்சர்.

வாயாடிக்கு வசதி. அவள் வீட்டுக்கு எதிரிலேயே குளம். அன்றைக்கே ஒரு வாத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். எனக்கு என்ன இருக்கிறது? எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு சுவர், சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு குழாய். சந்தின் கோடியில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு புதர். அவ்வளவுதான்.

முதலில் சந்தில் சுற்றும் பூனையைப் பிடித்தேன். 'பூனை தூங்குகிறது' என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுத வேண்டியிருந்தது. தூக்கத்தைப் பார்க்க நான் வெளியே வர வேண்டுமா? வீட்டிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறதே. பூனையை விட்டுவிட்டு எறும்பைப் பிடித்தேன். ஒரு மழை பெய்தது, எறும்பு வரிசையே காணோம்.

அப்போதுதான் அந்தக் குளவி வந்தது.

ஒல்லியான இடுப்பு, நீளமான கால்கள். குழாய்க்கு அடியில் தேங்கிய சேற்றில் உட்கார்ந்து ஒரு மண் உருண்டை திரட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு சுவருக்குப் பறந்தது. அங்கே 'ர்ர்ர்' என்று முனகிக்கொண்டே மண்ணைத் தட்டித் தட்டி ஒட்டியது. மறுபடி சேறு, மறுபடி சுவர். நின்றதாகவே தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கால் வலித்தது. குழாய் மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் சுவரில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குட்டிப் பானை முளைத்திருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தேன். பானை கோணலாக வந்தது. அழகாக இல்லாததால் டீச்சருக்கு நம்பிக்கை வரும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் குளவி வேறு எங்கேயோ போய்வந்தது. எங்கே என்று தெரிந்தாக வேண்டுமே. சந்து முழுக்க அதன் பின்னாலேயே நடந்தேன். இரண்டு தடவை கண்ணை விட்டு மறைந்துவிட்டது. மூன்றாவது தடவை பிடித்துவிட்டேன். சந்துக் கோடிப் புதருக்குத்தான் போகிறது. முள் கையைக் கீறினாலும் உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். இலைக்கு அடியில் ஒரு பச்சைப் புழு. குளவி அதன் மேல் உட்கார்ந்து ஒரு கொட்டு கொட்டியது. புழு துவண்டுபோயிற்று. தன் உடம்பைவிடப் பெரிய புழுவைத் தூக்கிக்கொண்டு குளவி தள்ளாடித் தள்ளாடிப் பறந்தது.

பானைக்குள் புழுவைத் திணித்தது. இன்னொரு புழு. இன்னும் ஒன்று. கடைசியில் வாயை மண்ணால் அடைத்தது. பக்கத்திலேயே இன்னொரு பானை கட்டி அதையும் நிரப்பி அடைத்தது. இரண்டுக்கும் மேலே மண்ணைப் பூசிவிட்டுப் பறந்துபோனது. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

டீச்சரிடம் கேட்டேன்.

"உள்ளே முட்டை வெச்சிருக்கும். புழு, குட்டிக்குச் சாப்பாடு. சாப்பிட்டு வளர்ந்து, அதுவா ஓட்டை போட்டு வெளியே வரும். அம்மா வராது."

"இது என்ன அம்மா?" என்றாள் வாயாடி.

எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. சாப்பாடு வைத்துவிட்டு வேலைக்குப் போகிற அம்மா எனக்குப் புதிதா என்ன?

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பையை வைத்துவிட்டு நேரே சந்துக்குப் போவேன். குழாய் மேடையில் உட்கார்ந்து அந்த மண் கட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். 'இன்று ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதுவேன். பக்கம் பக்கமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு நாள் நடக்கும். அந்த நாளில் நான் அங்கே இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. விடுமுறை நாளில் விழித்துக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. முழங்கைவரை ஈரம். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"பின்னாடி வந்து பாரு," என்று என் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

சந்து பளபளவென்று இருந்தது. குழாய் மேடையில் பாசி இல்லை. சாக்கடை மூடி மின்னியது. சுவர் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது.

ஒரு மண் துணுக்குகூட இல்லை.

"நீ எப்பப் பாரு இங்கேதானே உக்காந்திருக்கே. ஜன்னல்ல பார்த்தேன். என் பொண்ணு அழுக்குல உக்காந்திருக்காளேன்னு மனசு கேக்கலை. ஊர்ச் சுவரெல்லாம் கழுவுறேன், இதைக் கழுவ மாட்டேனா? எப்படி இருக்கு?"

அம்மாவின் வலது கையில் ஒரு சுரண்டி இருந்தது. அலுவலகத் தரையில் ஒட்டிக்கிடக்கும் சூயிங்கத்தை எடுக்கிற தகடு. எவ்வளவு காய்ந்து ஒட்டியிருந்தாலும் ஒரே இழுப்பில் பெயர்த்துவிடும்.

கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் தூங்க வேண்டிய நாளில் தூங்காமல், இடுப்பு ஒடிய இதைச் செய்திருக்கிறாள். எனக்காகச் செய்திருக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படிக் கத்துவது?

"நல்லா இருக்கும்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சுரண்டின மண்ணெல்லாம் எங்கே போட்டே?"

"குப்பைத் தொட்டியிலதான். ஏன்?"

"சும்மாதான்."

அம்மா உள்ளே போனதும் ஓடினேன். தெருமுனையில் பெரிய தொட்டி. குப்பை வண்டி வருகிற நேரம். கால் விரலில் நின்று எட்டிப் பார்த்தேன், பிறகு இரண்டு கையையும் விட்டுத் துழாவினேன். முட்டை ஓடு, கிழிந்த செருப்பு, என்னென்னவோ. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கடைசியில் அம்மா கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிய ஒரு பழைய துணி மூட்டை கிடைத்தது.

பிரித்தேன். பாசித் தூள், சுண்ணாம்புச் செதில், மண். அதற்குள் என் குளவி வீடு. ஒரு பானை உடைந்து திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ நசுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

இன்னொரு பானை உடையவில்லை. அம்மாவின் சுரண்டி அதைச் சுவரின் சுண்ணாம்போடு சேர்த்துப் பெயர்த்திருந்ததால் முதுகுப் பக்கம் மூடியே இருந்தது. அம்மா எப்போதும் முதலில் காய்ந்தபடியே சுரண்டுவாள், பிறகுதான் தண்ணீர் விடுவாள். அதனால் நனையவும் இல்லை.

"என்னடி தேடுறே குப்பையில?"

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கலாம் என்றால் கை முழுக்கக் குப்பை. இனி மறைக்க முடியாது. உள்ளங்கையை நீட்டினேன்.

"இது குளவி வீடும்மா. உள்ளே குட்டி இருக்கு. நான் தினமும் இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இது வெளியே வரும்போது பார்க்கணும்னு."

அம்மா என் கையைப் பார்த்தாள். தன் கையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நீ தூங்கிட்டிருந்தேம்மா."

"எப்போ?"

"எப்பவும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். குற்றம் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மை அதுதான், வாயில் வந்துவிட்டது. குப்பை வண்டி வந்தது, தொட்டியைக் கவிழ்த்தது, போனது. அதுவரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

"உயிரோட இருக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலை. இருந்த இடத்துலேயே திருப்பி வெச்சுப் பார்க்கலாம்."

"கொடு. பசை போட்டு ஒட்டிடுறேன். எங்க ஆபீஸ் ஸ்டோர்ல நல்ல பசை இருக்கு."

"பசை வேண்டாம்மா. அந்த வாசனை அதுக்கு ஒத்துக்குமோ என்னமோ. குளவி எதால ஒட்டுச்சோ அதாலேயே ஒட்டலாம்."

சந்துக்குத் திரும்பினோம். குழாயடிச் சேறும் போயிருந்தது, அம்மா விட்டுவைப்பாளா? நல்ல வேளை, புதருக்கு அடியில் மண் இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி வந்து குழாய்த் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அம்மா சேற்றை விரலில் எடுத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றாள். விரல் சுவரைத் தொடவே இல்லை.

"என்னம்மா?"

"கை வர மாட்டேங்குது. சேறு துடைச்ச கை இது. பூசினதே இல்லை."

"பூசும்மா."

கண்ணை மூடிக்கொண்டு பூசினாள். தான் கழுவிய வெள்ளைச் சுவரில் சேற்றை அப்பிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் பானையை மெதுவாக அழுத்திப் பிடித்தேன். அவள் சுற்றிலும் மண் வைத்து மெழுகினாள். அங்கே இருந்த கைத்தடங்களைத் துடைக்கத் துணியை எடுத்தாள். நான் பார்த்த பார்வையில் துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது வெளியே வரும்போது என்னை எழுப்பணும்," என்றாள். "எவ்வளவு அசந்து தூங்கினாலும் சரி. நான் செய்ததுக்கு நானும் பார்க்கணும்."

"சரிம்மா."

குறிப்பேட்டில் அன்று என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். 'அம்மா கூட்டைப் பெயர்த்துவிட்டாள்' என்று எழுத மனசு வரவில்லை. பார்க்காததையும் எழுதக்கூடாது. 'இன்று கூடு சுவரிலிருந்து விழுந்து, மறுபடி சுவருக்கு வந்தது. ஒரு குட்டி போய்விட்டது. இன்னொன்றைப் பற்றித் தெரியவில்லை' என்று எழுதினேன்.

நாட்கள் போயின. வாயாடியின் வாத்து ஆறு குஞ்சு பொரித்தது. அவள் வாத்துப் புராணம் பாடி முடித்துவிட்டு என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணும் நடக்கலையா? அது எப்பவோ செத்திருக்கும் தூங்குமூஞ்சி. பறந்துபோச்சுன்னு எழுதிக் கொடுத்துடு. நாளைக்குக் கடைசி நாள்."

எனக்கும் அந்த ஆசை வந்தது. பொய் சொல்லவில்லை. தினமும் ஒரு சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். ஒரே ஒரு வரி எழுதினால் போதும், பள்ளி விட்டு வந்ததும் நானும் சுருண்டு படுத்துத் தூங்கலாம். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் அது பறந்துபோனதாக எழுதிவிட்டால், உள்ளே இருக்கிற குட்டிக்கு இனி யார் காத்திருப்பார்கள்?

மறுநாள் குறிப்பேட்டைக் கொடுக்கவில்லை.

"இன்னும் முடியலை டீச்சர்."

டீச்சர் மேசையில் நோட்டு மலை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார். "எப்ப முடியும்?"

"தெரியலை டீச்சர். அது வந்தாத்தான்."

"வராமப் போனா?"

"வரலைன்னு எழுதுவேன்."

டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நிதானமா கொடு. எப்படியும் இதைத் திருத்தி முடிக்க எனக்கே நாளாகும்," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், பள்ளி விட்டு வந்திருந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குழாய் மேடையில் உட்கார்ந்து, விட்டால் தூங்கிவிடுவேன் என்ற நிலையில் இருந்தேன். அப்போது 'கர் கர்' என்று ஒரு சத்தம். காதைச் சுவரில் வைத்தேன். உள்ளேயிருந்துதான். பானையில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் இரண்டு குட்டித் தாடைகள் மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்குள் ஓடினேன். அறைக்குள் அப்பாவின் குறட்டை. அம்மா கூடத்து நாற்காலியில் இருந்தாள். சாயங்கால வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்ட உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போயிருந்தாள். ஒரு காலில் ஷூ, இன்னொரு ஷூ மடியில். வாய் லேசாகத் திறந்திருந்தது.

எழுப்ப நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எழுப்பு என்று அவள்தான் சொன்னாள். ஆனால் இந்தத் தூக்கத்தை எப்படிக் கலைப்பது? இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி வாளி, துடைப்பம், மாடி மாடியாக ஏற்றம். எழுப்பினாலும் பாவம், எழுப்பாவிட்டாலும் பாவம்.

திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தேன். குளவி தலையை மட்டும் வெளியே நீட்டிவிட்டு அசையாமல் இருந்தது. அதற்கும் களைப்பு. கடிக்கும், நிற்கும், மூச்சு வாங்குவதுபோல் இருக்கும், மறுபடி கடிக்கும். சரி, நீ ஓய்வெடுக்கிறவரைக்கும் அம்மாவும் தூங்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அன்று நான் சந்துக்கும் கூடத்துக்கும் நடந்த நடை கொஞ்சநஞ்சம் இல்லை. குளவி ஒரு காலை எடுத்து வெளியே வைத்தது. ஓடிப்போய் அம்மாவைப் பார்த்தேன். நல்ல தூக்கம். சரி, தூங்கட்டும். குளவியின் இரண்டு காலும் வந்தன. இன்னும் தூங்கட்டும். இடுப்பு வந்தது. கசங்கிய காகிதம்போல் இறக்கை வந்தது. இதற்கு மேல் போனால் பறந்துவிடும். இனி முடியாது.

ஓடிவந்து அம்மாவின் பாதத்தைத் தொட்டேன்.

"அம்மா. இப்ப வா."

என்ன, ஏது என்று அவள் கேட்கவே இல்லை. ஒரு ஷூவோடு நொண்டி நொண்டி வந்தாள். இரண்டு பேரும் குழாய் மேடையில் ஒட்டி உட்கார்ந்தோம்.

குளவி பானைக்கு மேல் ஏறி நின்றது. உடம்பெல்லாம் மண் தூசி. இறக்கை மெல்ல விரிந்தது. பறக்கப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது பறக்கவில்லை. முன்னங்கால்களைத் தூக்கி முகத்தைத் துடைத்தது. உணர்கொம்புகளை ஒவ்வொன்றாக இழுத்து வழித்தது. பிறகு முதுகு, இறக்கை, வயிறு.

அம்மா சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"வந்ததும் வராததுமா சுத்தம் பண்ண ஆரம்பிச்சிடுச்சே. அட, கொஞ்ச நேரம் சும்மா உக்காரேன்," என்றாள் குளவியிடம்.

குளவி கேட்கவில்லை. துடைத்து முடித்தது, ஒரு வட்டம் அடித்தது, புதர்ப் பக்கம் பறந்துபோனது.

"உயிரோடதான் இருந்திருக்கு," என்றாள் அம்மா. "நான் அதைக் கொல்லலை."

"இல்லைம்மா."

"எத்தனை நாள் காத்திருந்தே. போய் எழுது."

"எழுதுறேன். உனக்கு நேரமாகலையா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு," என்று சொல்லி அம்மா என் தோளில் தலையைச் சாய்த்தாள். அடுத்த மூச்சிலேயே தூங்கிவிட்டாள்.

அவள் சாய்ந்தது என் வலது தோளில். எழுதுகிற கை அது. குறிப்பேடு மடியில் திறந்தபடி இருந்தது, கை மரத்துப்போனது, பேனா விரலிலிருந்து நழுவி விழுந்தது. நான் அசையவில்லை. குளவி வந்த அந்தப் பக்கத்தை மறுநாள்தான் எழுதினேன்.